இடை, இடையம், ஆகாரம்: விடை இடிக்கும்போது எங்கே பார்ப்பது

"சேர், கல்குலேட்டர் பிழையா?"

இலங்கையில் சாதாரண தரப் பரீட்சை நெருங்கும்போது என் ரியூஷன் வகுப்பில் இந்தக் கேள்வி எப்படியும் ஒருமுறை வரும். பிள்ளையின் கொப்பியில் இடை 7, இடையம் 3, ஆகாரம் 2 என்று இருக்கும். ஒரே தரவுக்கு மூன்று நடு எப்படி வரும் என்பது அதன் சந்தேகம். கல்குலேட்டர் பெரும்பாலும் சரியாகத்தான் இருக்கும். மூன்றும் ஒரே கேள்விக்கு விடை என்று நினைத்துக்கொண்டதில்தான் சிக்கல்.

எல்லாவற்றையும் ஒன்றாகக் கொட்டிச் சமமாகப் பிரித்தால் ஆளுக்கு எவ்வளவு வரும் என்பதற்கு விடை இடை. சிறிதிலிருந்து பெரிதாக வரிசையில் நிறுத்தினால் நடுவில் நிற்பது எது என்பதற்கு விடை இடையம். அதிக தடவை வந்தது எது என்றால் ஆகாரம். மூன்று கேள்வி, மூன்று விடை. அவை ஒத்துப்போகாவிட்டால் ஒன்றில் உங்கள் கையில் பிழை, இல்லையென்றால் தரவு உங்களுக்கு ஏதோ சொல்கிறது. இதில் எது என்று பிரித்துப் பார்ப்பதுதான் வேலை.

கையில் ஒரு தரவு இருந்தால் பேச வசதி. மட்டக்களப்பில் கொக்கட்டிச்சோலைப் பக்கம் ஒரு வட்டை, அதாவது ஒரு வயல்வெளி, என்று வைத்துக்கொள்வோம். எண்கள் நான் இட்டவை. 11 பேர் வயல் செய்கிறார்கள்; ஆளுக்கு எத்தனை ஏக்கர் என்றால்: 1, 2, 2, 2, 3, 3, 4, 4, 5, 6, 45. கடைசி ஆள், நிறையக் காணி வைத்திருக்கும் போடியார் என்று சொல்லத் தேவையில்லை. மேலே சொன்ன 7, 3, 2 இங்கிருந்து வந்ததுதான்.

பெயரே குழம்புகிறது

இதை முதலில் தீர்த்துவிட வேண்டும். நம் பாடப்புத்தகத்தில் இடை, இடையம் என்று இரண்டே எழுத்து வித்தியாசத்தில் இரண்டு சொற்கள். அவசரத்தில் வாசித்தால் யாருக்கும் மாறும். போதாக்குறைக்குப் பிள்ளைகள் யூடியூபில் தமிழ்நாட்டு ஆசிரியர்களின் பாடங்களைப் பார்க்கிறார்கள். அங்கே இடைக்குச் சராசரி, இடையத்துக்கு இடைநிலை அளவு, ஆகாரத்துக்கு முகடு. 'இடைநிலை' என்றதைக் கேட்டு இங்கே 'இடை' என்று எழுதி வந்த பிள்ளைகள் உண்டு.

ஒருவன் வகுப்பில் சொன்னான்: "ஆகாரம் கூடினா இடையும் கூடும்தானே சேர்!" எல்லாரும் சிரித்தார்கள், நானும்தான். ஆனால் அந்தப் பகிடியால் ஒரு நன்மை: ஊரில் அதிகம் பேர் சாப்பிடும் ஆகாரம் எதுவோ அதுதான் ஆகாரம் என்று பிடித்துக்கொண்டவர்கள் பிறகு அதை மாற்றி எழுதவில்லை. இடையத்துக்கு, கடைசியில் வரும் 'யம்'மைக் கண்டால் வரிசையில் நிறுத்து என்று பழக்கினேன். கேட்கக் கேலியாக இருக்கும், ஆனால் வேலை செய்கிறது.

இடை தரவின் எல்லைக்கு வெளியே விழுகிறது

100க்கு வைத்த பரீட்சையில் வகுப்பின் இடை 121 என்று வந்தால் சிரித்துவிட்டுப் போகக் கூடாது. எனக்கே வந்திருக்கிறது. 10 பேரின் புள்ளிகளை எக்செலில் போட்டு, கீழே கூட்டுத்தொகையை எடுத்துவிட்டு, இடை எடுக்கும்போது அந்தக் கூட்டுத்தொகை வரியையும் சேர்த்து இழுத்துவிட்டேன். 667 என்ற கூட்டுத்தொகை பதினோராவது பிள்ளையின் புள்ளியாகப் போய் உட்கார்ந்துவிட்டது.

இடை எப்போதும் மிகச் சிறிய எண்ணுக்கும் மிகப் பெரிய எண்ணுக்கும் இடையில்தான் இருக்கும். இடையமும் அப்படியே. வெளியே போனால் தரவைக் குறை சொல்ல இடமில்லை, பிழை உங்கள் கையில்.

இதைவிட நுட்பமான ஒரு சோதனையும் உண்டு. இடைக்கும் இடையத்துக்கும் உள்ள தூரம் ஒருபோதும் நியம விலகலை (எண்கள் இடையிலிருந்து எவ்வளவு சிதறிக் கிடக்கின்றன என்பதன் அளவு) தாண்டாது. எந்தத் தரவுக்கும் இது பொருந்தும். நம் வட்டையில் நியம விலகல் ஏறத்தாழ 12; இடைக்கும் இடையத்துக்கும் தூரம் 4. சரி, எல்லைக்குள் இருக்கிறது. உங்கள் கணக்கில் தாண்டினால் மூன்றில் ஏதோ ஒன்று தப்பு, திரும்பப் போடுங்கள்.

இடையமும் ஆகாரமும் புத்தக விடையோடு சேரவில்லை

இது பெரும்பாலும் சின்னப் பிழை. தரவை ஏறுவரிசையில் எழுதினீர்களா? எழுதாமல் நடுவில் கிடக்கும் எண்ணைத் தூக்கினால் அது இடையம் ஆகாது. அடுத்தது, 11 எண்கள் என்றால் ஒன்றைக் கூட்டி 12ஐ 2ஆல் பிரித்து 6 வரும். அந்த 6 இடம். விடை ஆறாவது இடத்தில் நிற்கும் 3. 'இடையம் 6' என்று எழுதிய விடைத்தாள்களை எண்ணினால் எனக்குக் கை வலிக்கும். எண்களின் தொகை இரட்டையாக இருந்தால் நடுவில் நிற்கும் இரண்டின் சராசரி.

ஆகாரத்திலும் இதே குணம். 2 என்பது மூன்று தடவை வந்தால் ஆகாரம் 2, மூன்று அல்ல. மூன்று என்பது மீடிறன், அதாவது அது எத்தனை தடவை வந்தது என்ற எண்ணிக்கை.

இடை மட்டும் தனியே மேலே ஓடிவிட்டது

நம் வட்டைக்கு வருவோம். இடை 7 ஏக்கர். ஆனால் 11 பேரில் 10 பேர் 7க்குக் கீழே. 'இந்த வட்டையில் ஆளுக்குச் சராசரி 7 ஏக்கர்' என்று யாராவது எழுதினால் அது பொய்யல்ல, ஆனால் 2 ஏக்கர்க்காரன் வாசித்தால் அவனுக்குச் சிரிப்புத்தான் வரும்.

இது ஏன் நடக்கிறது என்று பார்க்க ஒரு வழி, 7இலிருந்து ஒவ்வொருவரும் எவ்வளவு தூரம் என்று எழுதிப் பார்ப்பது. கீழே இருக்கும் 10 பேரின் தூரங்கள் 6, 5, 5, 5, 4, 4, 3, 3, 2, 1. கூட்டினால் 38. மேலே இருப்பவர் போடியார் ஒருவர்தான். 45இலிருந்து 7 போனால் அதே 38. இடை என்பது தராசின் முள். இருபக்கப் பாரமும் சமமாகும் இடத்தில் போய் நிற்கும். பத்துப் பேரை ஒருவர் தனியாக நின்று தூக்குகிறார் என்றால் முள் அவர் பக்கம் நகர்ந்தே ஆகவேண்டும்.

இடையத்துக்கு இந்தப் பாரம் தெரியாது. அது தலைகளை மட்டும் எண்ணும். போடியார் 45 ஏக்கர் செய்தாலும் 450 செய்தாலும் இடையத்துக்கு அவர் வரிசையின் கடைசி ஆள், அவ்வளவுதான். ஆகாரத்துக்கோ அவர் இருப்பதே தெரியாது.

இப்படி இடை ஒரு பக்கம் ஓடியிருந்தால் நான் செய்வது முதலில் அந்தப் பெரிய எண்ணைச் சந்தேகப்படுவது. 45ஆ, 4.5ஆ? பதியும்போது புள்ளி விடுபட்டதா? 4.5 என்றால் கூட்டுத்தொகை 36.5, இடை 3.3. இடையம் 3இலும் ஆகாரம் 2இலும் அசையாமல் நிற்கும். ஒரு புள்ளி விடுபட்டால் ஆட்டம் காண்பது இடை மட்டும். அதனால்தான் இடையையும் இடையத்தையும் பக்கத்துப் பக்கத்தில் எழுதி வைப்பது நல்லது: இடையம் நிற்க இடை பறந்தால் தரவேட்டைத் திரும்ப ஒருமுறை பார்க்கச் சொல்கிறது என்று அர்த்தம்.

சரி, விசாரித்துப் பார்த்தாயிற்று, 45 உண்மைதான். அப்புறம் என்ன? பலர் செய்வது போடியாரை வெட்டிவிட்டு 'சரியான' சராசரி எடுப்பது. எனக்கு அது பிடிக்காது. போடியாரும் அந்த வட்டையில்தான் வயல் செய்கிறார். உரம் எவ்வளவு வேண்டும் என்று கணக்குப் பார்க்கிறீர்களா? இடை 7ஐ 11ஆல் பெருக்கினால் 77 ஏக்கர், முழுக் காணியும் கைக்கு வந்துவிடும். இடையம் 3ஐப் பெருக்கினால் 33தான். பாதிக்கு மேற்பட்ட வயலுக்கு உரம் இருக்காது. மூன்று அளவுகளில் மொத்தத்தைத் திருப்பித் தரக்கூடியது இடை மட்டுமே. அதே நேரம், இந்த வட்டையில் ஒரு சாதாரண விவசாயியின் நிலைமை என்ன என்று கேட்டால் 7 என்ற பேச்சுக்கே இடமில்லை, 3 என்று சொல்லுங்கள். எண் ஒன்றும் கெட்டுப்போகவில்லை. கேள்வி மாறுகிறது, அவ்வளவுதான்.

இடை கீழே இறங்கிவிட்டது

மேலே சொன்னதன் மறுபக்கம். 10 பிள்ளைகள், இலகுவான வினாத்தாள்: 88, 85, 84, 82, 82, 80, 79, 75, 12, 0. ஆகாரம் 82, இடையம் 81, இடை 66.7. எட்டுப் பேர் இடைக்கு மேலே. 'பாதிப் பேர்தானே சராசரிக்கு மேல் இருக்க முடியும்?' என்று பெற்றோர் கேட்பதுண்டு. பாதி என்பது இடையத்தின் குணம்; இடைக்கு அப்படி ஒரு கட்டாயமும் கிடையாது.

இங்கே சந்தேகப்பட வேண்டியது அந்த 0. பிள்ளை பூச்சியம் எடுத்ததா, அல்லது வரவே இல்லையா? எக்செலில் வெற்றுக்கட்டத்தையும் 'வரவில்லை' என்று எழுதிய கட்டத்தையும் ஆவரேஜ் கணக்கில் எடுக்காது, 0 என்று போட்டால் எடுத்துக்கொள்ளும். வராத பிள்ளையை நீக்கினால் இடை 74.1க்கு ஏறும், இடையம் 82க்கு. போடியாரை வெட்டாதே என்று சொன்னவன் இந்தப் பிள்ளையை வெட்டச் சொல்கிறானே என்று கேட்கலாம். போடியாரிடம் 45 ஏக்கர் இருக்கிறது. வராத பிள்ளையிடம் 0 புள்ளி இல்லை, புள்ளியே இல்லை.

சமன்பாட்டில் போட்டால் ஆகாரம் மறை எண்ணாக வருகிறது

மனப்பாடம் செய்த பிள்ளைகளுக்கு வரும் நோய் இது. ஆகாரம் = 3 × இடையம் − 2 × இடை. நம் வட்டைக்குப் போட்டுப் பாருங்கள்: 9 − 14 = −5. மறை ஐந்து ஏக்கரில் எந்த ஊரிலும் விதைத்ததில்லை.

சமன்பாடு பொய்யா? இல்லை, அது சட்டமும் இல்லை. ஆகாரத்துக்கு ஆங்கிலத்தில் இன்று வழங்கும் பெயரை 1895இல் புழக்கத்துக்குக் கொண்டுவந்த கார்ல் பியர்சனின் பெயரோடு சேர்த்துச் சொல்லப்படும் தொடர்பு இது. வரைபடம் கீறினால் ஒரே ஒரு மேடு, இலேசாக ஒரு பக்கம் சாய்வு, நிறைய எண்கள் என்று இருக்கும் தரவில், இடைக்கும் ஆகாரத்துக்கும் உள்ள தூரத்தை மூன்று பங்காக்கினால் இடையம் இடையிலிருந்து ஏறத்தாழ ஒரு பங்கு தூரத்தில் நிற்கும் என்பதே அதன் பொருள். 'ஏறத்தாழ' என்பதை அடிக்கோடிட்டுக்கொள்ளுங்கள்.

எங்கே பிடிக்கிறது என்றும் காட்டவேண்டும். 40 வயல்களில் ஏக்கருக்கு எத்தனை மூடை என்று ஒரு மீடிறன் பரம்பல் (இதுவும் நான் இட்டதே): 10–15 மூடை 3 வயல், 15–20 இல் 7, 20–25 இல் 12, 25–30 இல் 10, 30–35 இல் 6, 35–40 இல் 2. நடுப்பெறுமானங்களை வைத்துக் கூட்டினால் 975; 40ஆல் பிரிக்க இடை 24.4. இடையத்துக்கு இருபதாவது வயல் வேண்டும். 20–25க்கு முன் திரள் மீடிறன் (அதுவரை சேர்ந்த மொத்த வயல்கள்) 10, அந்த வகுப்புக்குள் இன்னும் 10 வேண்டும், இருப்பது 12. ஆகவே 20 + (10 ÷ 12) × 5 = 24.2. ஆகார வகுப்பும் 20–25தான். முன்வகுப்போடு வித்தியாசம் 5, பின்வகுப்போடு 2. எனவே 20 + (5 ÷ 7) × 5 = 23.6.

இப்போது சமன்பாட்டில் போடுங்கள்: 23.75. கணக்கிட்ட 23.6க்கு எவ்வளவு பக்கத்தில்! மேட்டுக்கு அருகே ஆகாரம், அடுத்து இடையம், வால் (வரைபடம் நீண்டு தேயும் பக்கம்) பக்கம் இடை என்ற ஒழுங்கும் அப்படியே நிற்கிறது. இந்த மாதிரித் தரவுக்குத்தான் அந்தச் சமன்பாடு. போடியார் இருக்கும் வட்டைக்கு அல்ல.

வகுப்பாயிடைகளை மாற்றினால் இந்த மூன்று விடைகளும் கொஞ்சம் நகரும், பயப்பட வேண்டாம். ஒவ்வொரு வகுப்பிலும் எண்கள் எப்படிப் பரந்திருக்கின்றன என்று நாம் ஊகிக்கத்தானே செய்கிறோம். அதிகம் துள்ளுவது ஆகாரம்.

வால் ஒரு பக்கம், இடை மறுபக்கம்

'வால் வலப்பக்கம் நீண்டால் இடை பெரிது' என்று நானும் பல வருடம் கரும்பலகையில் எழுதியிருக்கிறேன். பெரும்பாலும் சரி. எப்போதும் அல்ல. ஒரு ஒழுங்கையில் 10 வீடு, வீட்டுக்கு எத்தனை சைக்கிள்: 1, 1, 1, 1, 2, 2, 2, 2, 2, 4. வால் வலப்பக்கம் 4 வரை போகிறது, ஓராயமும் (சாய்வின் அளவு) நேர்தான். ஆனால் இடையமும் ஆகாரமும் 2, இடை 1.8. இடை வாலுக்கு எதிர்ப்பக்கம்! ஒன்று, இரண்டு என்று சில பெறுமானங்களே உள்ள எண்ணிக்கைத் தரவில் இது சாதாரணம். இடையம் முழு எண்ணில் ஒட்டிக்கொண்டு நகர மறுக்கிறது.

மூன்றும் சமம் என்றால் சமச்சீர் என்பதும் இதே வகை ஏமாற்று. 1, 4, 4, 4, 4, 5, 5, 5 என்பதில் மூன்றும் 4. படம் கீறிப் பாருங்கள், சமச்சீர் எங்கே? சமச்சீரான ஒற்றை மேடு என்றால் மூன்றும் ஒன்றாகும். மூன்றும் ஒன்றானால் சமச்சீர் என்று திருப்பிப் போட முடியாது. சந்தேகம் வந்தால் வரைபடம், அதைவிடக் குறுக்குவழி எனக்குத் தெரியாது.

ஆகாரம் இல்லை என்கிறது, அல்லது இரண்டு வருகிறது

எந்த எண்ணும் திரும்ப வராவிட்டால் எக்செல் பிழைக்குறி காட்டும். அது பிழையல்ல, ஆகாரம் இல்லை என்பதே விடை. 0 என்று எழுதிவிடாதீர்கள். இரண்டு ஆகாரம் இருந்தால் சாதாரண 'மோட்' ஒன்றை மட்டும் காட்டிவிட்டு மற்றதை விழுங்கிவிடும். எல்லாம் வேண்டும் என்றால் 'மோட் மல்ட்'.

இரண்டு ஆகாரம் வரும் இடம்தான் எனக்குச் சுவாரசியம். மாரிகாலத்தில் ஒரு வள்ளத்துக்காரரின் 12 நாள், கிலோவில்: 0, 0, 0, 0, 6, 9, 18, 20, 20, 20, 20, 25. இடை 11.5, இடையம் 13.5. இரண்டையும் நம்பி அவரிடம் "நாளைக்கு 12 கிலோ வரும்தானே?" என்று கேட்டுப் பாருங்கள். கடல் விட்டால் 20, விடாவிட்டால் தொழிலுக்கே போகவில்லை. 12 கிலோ வந்த நாள் ஒன்றுகூட இல்லை. நடுவில் ஆளே இல்லாத இடத்தில் நடுவைத் தேடியிருக்கிறோம். இரண்டு மேடு தெரிந்தால் இரண்டு கூட்டம் கலந்து கிடக்கிறது. போன நாள், போகாத நாள் என்று பிரித்துவிட்டுத் தனித்தனியாகக் கணக்குப் பாருங்கள்.

இரண்டு வகுப்பைச் சேர்த்ததும் விடை கெடுகிறது

30 பேரின் இடை 50, 10 பேரின் இடை 70. சேர்த்தால் 60 அல்ல: 1500 + 700 = 2200, 40ஆல் பிரிக்க 55. இடையங்களை இப்படிச் சேர்க்க வழி இல்லை. இரண்டுக்கும் இடையில் எங்கோ விழும் என்பது வரைதான் தெரியும், மூலத்தரவு வேண்டும். ஆகாரத்துக்கு அந்த உத்தரவாதமும் கிடையாது. ஒன்றில் 1, மற்றதில் 9 என்று இருந்த ஆகாரம், சேர்த்தபின் இரண்டிலும் இரண்டாம் இடத்தில் இருந்த 5க்குத் தாவலாம்.

இரண்டு பூச்சியம், ஒன்று மட்டும் எண்

மட்டக்களப்பில் ஒவ்வொரு நாளும் பெய்த மழையை ஒரு வருடத்துக்கு எழுதி வைத்தால் இதுதான் வரும். ஆகாரம் 0, இடையமும் 0, ஏனென்றால் வருடத்தில் பாதிக்கு மேற்பட்ட நாட்களில் துளியும் விழுவதில்லை. வருட மழையை 1,650 மி.மீ. என்று எடுத்துக்கொண்டால் இடை மட்டும் நாளுக்கு 4.5 மி.மீ. என்று நிற்கும். பெரும்பகுதி கார்த்திகை, மார்கழி, தை என்று வடகீழ்ப் பருவக்காற்றோடு கொட்டித் தீர்ந்துவிடும். ஆனி, ஆடியில் வானத்தைப் பார்த்துக்கொண்டு இருக்கவேண்டியதுதான்.

பூச்சியம் வந்ததால் கணக்கு பிழைத்துவிட்டது என்று அழித்து அழித்துப் போடும் பிள்ளைகள் இருக்கிறார்கள். அழிக்க வேண்டாம். உன்னிச்சைக் குளத்துக்கு வருடத்தில் எவ்வளவு தண்ணீர் வரும் என்று பார்ப்பவருக்கு அந்த 4.5 வேண்டும், 365ஆல் பெருக்க மொத்த மழை வந்துவிடும். வீதியோரம் நெல் காயப்போட்டிருப்பவருக்கு அந்த எண்ணால் ஒரு பிரயோசனமும் இல்லை. அவருக்கு இன்று பெய்யுமா, இல்லையா. ஆவணி என்றால் அவர் பூச்சியத்தைத்தான் நம்பிப் படங்கை விரிப்பார்.